மனித மரபணுவால் பிழைத்த ஈஸ்ட்

இரண்டாகப் பிரிய முடியாமல் ஒரு ஈஸ்ட் செல் தவிக்கிறது. பிரிவதற்கு அவசியமான மரபணு ஒன்று அதில் பழுதாகிவிட்டது. அந்த இடத்தில் மனிதரின் மரபணுவைக் கொடுத்தால் செல் பிழைக்குமா? 1987இல் லண்டனில் உள்ள புற்றுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் மெலனி லீ, பால் நர்ஸ் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். செல் பிழைத்தது, பிரிந்து பெருகவும் செய்தது.

இந்தச் சோதனைக்குப் பின்னால் ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. செல் எப்படி இரண்டாகிறது, அதற்கு உத்தரவிடுவது எது என்ற கேள்விக்கு 1970 வாக்கில் யாரிடமும் தெளிவான பதில் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லேலண்ட் ஹார்ட்வெல் பதிலை ரொட்டி ஈஸ்ட்டில் தேடினார். நர்ஸ் பிரிட்டனின் எடின்பரோவில் வேறோர் ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டார். கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுதானிய பீரிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தெடுக்கப்பட்ட இனம் அது. குச்சி வடிவச் செல். நீளவாக்கில் வளரும், உரிய அளவை எட்டியதும் நடுவில் பிளந்து இரண்டாகும்.

ஒரு மரபணுவின் வேலையை அறிய, அதைப் பழுதாக்கிவிட்டு என்ன நடக்கிறதென்று பார்ப்பதே நேரடி வழி. ஆனால் செல் பிரிவுக்கு இன்றியமையாத மரபணுவைப் பழுதாக்கினால் செல் பெருகாது. ஆராய எதுவும் மிஞ்சாது. இதற்கு வெப்பநிலை கைகொடுத்தது. சில மரபணுப் பிறழ்வுகள் 25 டிகிரியில் தொல்லை தருவதில்லை. 36 டிகிரிக்குப் போனால் அந்த மரபணு உருவாக்கும் புரதம் செயலிழந்துவிடும். குளிரில் வளர்த்து, சூட்டில் சோதிக்கலாம். பிரிய முடியாத குச்சி ஈஸ்ட் மேலும் மேலும் நீண்டுகொண்டே போகும் என்பதால், நுண்ணோக்கியில் பார்த்ததும் ஆளைப் பிடித்துவிடலாம்.

நர்ஸ் இதற்கு நேர்மாறான செல்களையும் தேடினார். உரிய அளவை எட்டும் முன்பே அவசரப்பட்டுப் பிரிந்துவிடும் குட்டிச் செல்கள் அவை. அவர் சேகரித்த முதல் ஐம்பதில் நாற்பத்தொன்பது ஒரே மரபணுவின் பிறழ்வுகள். எஞ்சிய ஒன்று இருந்த தட்டில் பூஞ்சை படர்ந்திருந்ததால் அதைக் குப்பையில் போட்டுவிட்டார். மனம் கேட்காமல் அன்று மாலையே திரும்பிவந்து எடுத்தார். அந்த ஒன்றுதான் சிடிசி2 என்ற மரபணுவை நோக்கி விரல் நீட்டியது. அது முற்றிலும் பழுதானால் செல் பிரியாது; ஒருவிதமாக மாறினால் முன்கூட்டியே பிரியும். எனவே, எப்போது பிரிவது என்பதை நிர்ணயிப்பதில் அதற்குப் பங்குண்டு.

அடுத்து, அந்த மரபணுவைக் கையில் பிடிக்க வேண்டும். ஈஸ்ட்டின் மொத்த டி.என்.ஏ.வையும் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் பிளாஸ்மிட் எனும் வட்ட டி.என்.ஏ.வில் ஒட்டுவார்கள். இந்த மரபணு நூலகத்தைப் பழுதான செல்களுக்குள் செலுத்தி, சூட்டில் வைப்பார்கள். பெரும்பாலானவை பெருகாமல் நின்றுவிடும். சரியான துண்டு கிடைத்த செல் மட்டும் பெருகிக் கூட்டமாகும். அதிலிருந்து பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்தால், தேடிய மரபணு அகப்பட்டுவிடும்! அதன் வரிசை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1982இல் டேவிட் பீச், பார்பரா துர்காச், நர்ஸ் ஆகியோர் இதே உத்தியில், ரொட்டி ஈஸ்ட்டில் ஹார்ட்வெல் கண்டறிந்திருந்த சிடிசி28 மரபணு குச்சி ஈஸ்ட்டின் சிடிசி2 வேலையைச் செய்கிறது என்று காட்டினார்கள்.

அப்படியானால் மனிதரிடம்? மனித மரபணுக்களின் நடுவே, புரதம் உருவாகும் முன் வெட்டி நீக்கப்பட வேண்டிய பகுதிகள் உண்டு. ஈஸ்ட்டால் அவற்றைச் சரியாக வெட்ட இயலாது. ஆகவே வெட்டி முடிந்த ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி உருவாக்கப்பட்ட நூலகத்தையே மெலனி லீ ஈஸ்ட்டுக்குக் கொடுத்தார். பிழைத்த செல்லுக்குள் சிடிசி2வின் மனித வடிவம் இருந்தது. நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரு கிளைகளில் ஒரே மரபணு ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சிடிசி2 உருவாக்கும் புரதம் தனித்து இயங்குவதில்லை. கடல் முள்ளெலியின் முட்டைகளில் டிம் ஹண்ட் 1982இல் கண்ட சைக்ளின் புரதம் அதனுடன் சேர வேண்டும். ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் மூவரும் 2001இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். சிடிசி2வின் உறவுப் புரதங்களான சிடிகே4, சிடிகே6 இரண்டையும் முடக்கும் பால்போசிக்லிப், ஒருவகை மார்பகப் புற்றுக்கு மருந்தாக அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்றது.

அதே ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மார்கோட் குழு, ரொட்டி ஈஸ்ட்டின் இன்றியமையாத மரபணுக்கள் 414ஐ எடுத்து, அவற்றுக்குப் பதில் மனித மரபணுக்களை வைத்துப் பார்த்தது. ஏறக்குறைய பாதி ஈஸ்ட்கள் உயிர்பிழைத்தன. இப்படி மனித மரபணுவைத் தாங்கிய ஈஸ்ட்டில், நோயாளிகளிடம் காணப்படும் பிறழ்வுகளை ஒவ்வொன்றாகப் புகுத்தி, எது கேடானது, எது தீங்கற்றது என்று ஆய்வாளர்கள் இப்போது பிரித்தறிந்துவருகிறார்கள்.