பண்ருட்டிக்குள் டைட்டானியம், பழனிக்குள் நிக்கல்! தெரியுமா?

பண்ருட்டி என்றால் பலாப்பழம். அது ஊருக்கே தெரியும்! ஆனால் அந்த ஊரின் பெயரை வெறும் தனிமக் குறியீடுகளாலேயே எழுதிவிடலாம் என்பது தெரியுமா? ஆங்கில எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். புரோட்டாக்டினியம், நைட்ரஜன், ருத்தேனியம், டைட்டானியம். நான்கு குறியீடுகளையும் வரிசையாக வைத்தால் பண்ருட்டி!

பழனி? அதற்கு மூன்றே போதும்! புரோட்டாக்டினியம், லாந்தனம், நிக்கல். தென்காசிக்கு ஐந்து வேண்டும்: டெலூரியம், நைட்ரஜன், பொட்டாசியம், ஆர்சனிக், அயோடின். ஆமாம், குற்றாலத்துக்குப் பக்கத்து ஊரின் பெயருக்குள் ஆர்சனிக் விஷம்!

உங்கள் வீட்டில் நிலா இருக்கிறாளா? அவள் நிக்கலும் லாந்தனமும். ரவி? ரேடியம், வனேடியம், அயோடின். அருண்? ஆர்கான், யுரேனியம், நைட்ரஜன். அருண் காலையில் எழுந்திருக்க அடம் பிடித்தால் திட்டாதீர்கள்! ஆர்கான் என்ற பெயருக்கே கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்றுதான் பொருள்!

ராஜா, ஜோதி, விஜயா மூவரும் மன்னிக்கவும். 118 தனிமங்களில் எந்தக் குறியீட்டிலும் ஆங்கில 'ஜே' எழுத்து கிடையாது! குறியீட்டில் மட்டுமா? தனிமங்களின் ஆங்கிலப் பெயர்களிலும் கிடையாது!

உங்கள் கைபேசி பேட்டரியில் குட்டிச்சாத்தான் குடியிருக்கிறது, தெரியுமா? ஜெர்மனியின் சுரங்கத் தொழிலாளர்கள் வெள்ளி என்று நம்பி ஒரு தாதுவை உருக்கினார்கள். வெள்ளி வரவில்லை, விஷப்புகைதான் வந்தது! 'இது கோபோல்டு என்கிற குட்டிச்சாத்தானின் வேலை' என்று சபித்தார்கள். அந்தச் சாபம்தான் கோபால்ட்! நிக்கலும் இதே கதைதான். செம்பு கிடைக்கும் என்று ஏமாந்தவர்கள் பேயின் தலையில் பழியைப் போட்டார்கள்.

காலியம் என்ற உலோகம் 29.76 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்! சென்னை வெயிலில் மேசைமேல் வைத்தாலே போதும். காலியத்தில் கரண்டி செய்து விருந்தாளியிடம் சூடான டீயோடு நீட்டுவது வேதியியலாளர்களின் பழைய குறும்பு. கலக்கக் கலக்கக் கரண்டி காணாமல் போகும்! (அந்த டீயைக் குடிக்கக் கூடாது!) 1875-இல் இதைக் கண்டுபிடித்தவர் பிரான்சின் லெகோக் டி புவாபோத்ரான். தன் நாட்டின் பழைய லத்தீன் பெயரை இதற்கு வைத்ததாகச் சொன்னார். ஆனால் லத்தீனில் 'கேலஸ்' என்றால் சேவல். பிரெஞ்சில் 'லெ கோக்' என்றாலும் சேவல்! சொந்தப் பெயரைத்தான் நைசாக நுழைத்துவிட்டாரோ? அவர் மறுத்தார். நீங்கள் நம்புகிறீர்களா?

குறும்பில் பட்டம் கொடுப்பதென்றால் என் ஓட்டு அமெரிக்க வேதியியலாளர் கிளென் சீபோர்குக்குத்தான்! புளூட்டோனியத்துக்கு இயல்பாக வர வேண்டிய குறியீடு 'பி, எல்'. அவர் வைத்ததோ 'பி, யு'! ஏன் தெரியுமா? நாற்றம் அடித்தால் அமெரிக்கச் சிறுவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'பீ-யூ!' என்று கத்துவார்கள். பெரியவர்கள் யாராவது தடுப்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் தடுக்கவில்லை! அணுகுண்டில் போட்ட தனிமத்துக்கு இன்றுவரை 'ச்சீ, நாத்தம்' என்றுதான் குறியீடு!

அவருடைய குழுவை 95-ஆம், 96-ஆம் தனிமங்கள் படாத பாடு படுத்தின. இரண்டையும் பிரித்தெடுக்கவே முடியவில்லை. வெறுத்துப்போய் ஒன்றுக்குப் 'பேரமளி', இன்னொன்றுக்குச் 'சித்தப்பிரமை' என்று பொருள்படும் செல்லப்பெயர்களை வைத்தார்கள்! பிறகு வந்த கௌரவமான பெயர்கள்தான் அமெரிசியமும் கியூரியமும். இந்தத் தனிமங்களைப் பற்றி உலகம் முதலில் கேட்டது எங்கே தெரியுமா? விஞ்ஞான மாநாட்டில் அல்ல, 1945 நவம்பர் 11 அன்று குழந்தைகளுக்கான வானொலி வினாடி வினாவில்! 'புதுத் தனிமம் ஏதாவது உண்டா?' என்று ஒரு சிறுவன் கேட்க, சீபோர்க் போட்டு உடைத்துவிட்டார். முறையான அறிவிப்புக்கு இன்னும் 5 நாள் இருந்தது!

97-க்கு பெர்க்கிலியம், 98-க்குக் கலிபோர்னியம் என்று பெயர் வைத்ததும் 'நியூயார்க்கர்' பத்திரிகை கிண்டலடித்தது. 'யுனிவர்சிட்டியம், ஆஃபியம்' என்று ஆரம்பித்திருந்தால், 'யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா, பெர்க்கிலி' என்ற அவர்களுடைய பல்கலைக்கழகத்தின் முழுப்பெயரையும் அட்டவணையில் ஏற்றியிருக்கலாமே! சீபோர்க் குழு விடுமா? 'நாங்கள் அப்படி வைத்த பிறகு, நியூயார்க்கில் யாராவது நியூவியம், யார்க்கியம் என்று இரண்டைக் கண்டுபிடித்துவிட்டால்?' என்று பதில் போட்டார்கள். பத்திரிகையும் சளைக்கவில்லை. 'எங்கள் ஆபீஸ் ஆய்வகத்தில் வேலை நடக்கிறது, இதுவரை பெயர்கள் மட்டும் கிடைத்துள்ளன' என்றது!

டைஹைட்ரஜன் மோனாக்சைடைத் தடை செய்யலாமா? மூச்சுக்குழலில் போனால் உயிர் போகும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அமில மழையிலும் இருக்கும்! 1997-இல் அமெரிக்காவின் ஐடஹோவில் 14 வயது மாணவன் ஒருவன் 50 பேரிடம் இப்படிக் கேட்டான். 43 பேர் 'தடை செய்' என்றார்கள். அது என்ன? தண்ணீர்!

2003-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கை, கால், தலையோடு மனித உருவ மூலக்கூறுகளையே செய்தார்கள்! கல்லிவர் கதையின் குள்ளர்களை நினைத்து வைத்த பெயர் நானோபுட்டியன். உயரம் சுமார் 2 நானோமீட்டர்!

தண்ணீரை ஊற்றும் முன்பே கரைந்துவிடும் பொருளைக் கேள்விப்பட்டதுண்டா? தையோட்டிமோலின்! தண்ணீர் படுவதற்கு 1.12 வினாடி முன்னாலேயே கரைந்துவிடும்! எல்லாம் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் கட்டுக்கதைதான். அட்டவணை, பொய் மேற்கோள் என்று அசல் ஆய்வுக்கட்டுரை போலவே எழுதினார், 1948-இல் வெளியானது. அந்த மேற்கோள் நூல்களைத் தேடி நூலகத்துக்கே போய்விட்டார்கள் சிலர்! சிக்கல் என்னவென்றால், அப்போதுதான் அவருக்கு முனைவர் பட்ட நேர்முகத் தேர்வு. புனைபெயரில் போடச் சொல்லியிருந்தார். பத்திரிகை ஆசிரியரோ அசல் பெயரிலேயே போட்டுவிட்டார்! நடுங்கிக்கொண்டு தேர்வுக்குப் போனார். வதைத்து எடுத்தார்கள். கடைசியில் ஒரு பேராசிரியர் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, 'தையோட்டிமோலினின் வெப்ப இயக்கவியல் பண்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்' என்றார். பெயிலாக்கப் போகிறவனிடம் யாராவது ஜோக் அடிப்பார்களா? அசிமோவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை, அறையைவிட்டு வெளியே கூட்டிப்போக வேண்டியதாயிற்று! ஐந்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார்கள், 'டாக்டர் அசிமோவ்' என்று!