ஹாண்டில் தண்டு ஆடினால் அலட்சியம் வேண்டாம்

எங்கள் கரையோரத்தில் சைக்கிள் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை இந்தப் பக்கத்தை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. 1990ஆம் ஆண்டின் வன்செயல்களிலும் அதற்குப் பிந்திய யுத்த காலத்திலும் கணவனையோ, வாப்பாவையோ, கூடப்பிறந்தவர்களையோ இழந்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். 2004 டிசம்பர் 26இல் சுனாமி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரை நெடுக அழித்த பிறகு, நிவாரணமாகக் கிடைத்த ஒரு சைக்கிளோடு தொழிலைத் தொடங்கிய குடும்பங்கள் உண்டு. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில், மூலையில் சாத்தி வைத்திருந்த சைக்கிள்களெல்லாம் மறுபடியும் வீதிக்கு வந்தன.

நானும் இருபது வருடத்துக்கு மேலாகச் சைக்கிள் ஓடுகிறவள். மருதமுனைத் தறிகளில் நெய்த சாரன்களையும் சேலைகளையும் கரியரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்பதுதான் என் தொழில். டயர், செயின், பிரேக் பற்றி நம் பெண்கள் ஓரளவு கவனம் எடுக்கிறார்கள். ஆனால் ஹாண்டிலைத் தாங்கி நிற்கும் தண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. டயர் வெடித்தால் இறங்கி உருட்டிக்கொண்டு வரலாம். பஸ்ஸும் லொறியும் ஓடும் பிரதான வீதியில் ஹாண்டில் கையோடு கழன்று வந்தால் என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

தண்டு எப்படி நிற்கிறது?

நாம் ஓடும் சாதாரண சைக்கிளில் ஹாண்டில் தண்டு, முன்சில்லைப் பிடித்திருக்கும் போர்க்கின் குழாய்க்குள் இறங்கி நிற்கிறது. மேலே தெரியும் நீண்ட ஆணியை இறுக்கும்போது, அடியில் உள்ள சரிவான ஆப்பு மேலே ஏறித் தண்டைக் குழாயின் சுவரோடு நெருக்கிப் பிடிக்கிறது. பெரும்பாலான சைக்கிள்களில் இந்தத் தண்டின் குறுக்களவு 22.2 மில்லிமீற்றர்தான். கம்பி பிரேக் உள்ள பழைய மாதிரிச் சைக்கிள்களில் ஹாண்டிலும் தண்டும் ஒரே துண்டாக ஒட்டப்பட்டிருக்கும்.

பிள்ளைகள் விரும்பும் புது மாதிரி மவுண்டன் சைக்கிள்களில் தண்டு குழாய்க்குள் இறங்காது. 28.6 மில்லிமீற்றர் குழாயை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும். அங்கே பிடித்திருப்பவை பக்கத்தில் உள்ள இரண்டு ஆணிகள். உச்சியில் உள்ள ஆணி குண்டுகளின் இறுக்கத்தைச் சரிசெய்வதற்கு மட்டுமே. அதை இறுக்கிவிட்டு ஹாண்டில் பத்திரம் என்று நினைக்கக் கூடாது.

நெளிவு ஏன் வருகிறது?

பிள்ளையின் பிளாஸ்ரிக் அடிமட்டத்தை எடுத்து, 10 சென்ரிமீற்றர் வெளியே நீட்டி, மேசை விளிம்பில் அழுத்திப் பிடியுங்கள். நுனியை விரலால் அழுத்துங்கள். பிறகு 20 சென்ரிமீற்றர் நீட்டி அதே பலத்தில் அழுத்துங்கள். நீளம் இரண்டு மடங்கு. ஆனால் நெளிவு எட்டு மடங்கு. ஹாண்டில் தண்டும் அப்படித்தான். வெளியே நீள நீள நெளிவு வேகமாகக் கூடுகிறது. குழாய் பருத்தால் நெளிவு குறைகிறது. புது மாதிரிகளில் குழாயைப் பருமனாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலோகத்திலும் வித்தியாசம் உண்டு. ஒரே அளவான துண்டுகளில் அலுமினியம் உருக்கைப்போல் மூன்று மடங்கு நெளியும். அதனால்தான் அலுமினியத் தண்டுகளைத் தடிப்பாகச் செய்கிறார்கள்.

சிறிதளவு நெளிவு குற்றமல்ல. மேட்டில் எழும்பி நின்று மிதிக்கும்போது ஹாண்டில் கொஞ்சம் வளைந்து பழைய இடத்துக்கே திரும்பினால் பயப்படத் தேவையில்லை. குண்டும் குழியுமான வீதியில் கையை நோகாமல் காப்பதில் தண்டின் நெளிவைவிட டயரின் காற்றுக்கே பங்கு அதிகம். ஆகவே கை நோகிறது என்று தண்டைக் குறை சொல்லுமுன் டயரைப் பாருங்கள்.

பயப்பட வேண்டியவை மூன்று

ஒன்று, சறுக்கல். முன்சில்லை இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை அளவான பலத்தோடு திருகுங்கள். சில்லு நிற்க ஹாண்டில் மட்டும் திரும்பினால் ஆணி தளர்ந்திருக்கிறது.

இரண்டு, ஆட்டம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் "டொக் டொக்" என்று கேட்கும். இது பெரும்பாலும் தண்டின் குறையல்ல. போர்க்கின் மேலும் கீழும் உள்ள குண்டுகள் தளர்ந்த குறை.

மூன்று, வெடிப்பு. இதுதான் மிக ஆபத்தானது. தண்டு குழாய்க்குள் இறங்கும் இடத்தையும், ஹாண்டில் பொருந்தும் இடத்தையும் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிர்போன்ற கோடு, கோட்டின் வழியே கசியும் கறள், புதிதாக வந்த கிறீச்சென்ற சத்தம், முன்பில்லாத நெளிவு ஆகியவை எச்சரிக்கைகள். உருக்கு பொதுவாக வளைந்து காட்டிவிட்டு உடையும். அலுமினியம் அதிகம் காட்டாமல் சட்டென்று உடைந்துவிடும்.

உயர்த்தும்போது கவனம்

எனது அயலில் ஒரு தங்கச்சி. கடைசி மகனை முன்னால் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோகிறவள். குனிந்து ஓட இடுப்பு நோகிறது என்று ஹாண்டிலை உயர்த்தித் தரும்படி ஒரு கடையில் கேட்டிருக்கிறாள்.

"ராத்தா, இப்ப ஓடக்குள்ள ஹாண்டில் நெளியிற மாதிரி இரிக்கி. கடைக் காக்காட்டக் கேட்டா, ஒண்டுமில்ல, பழகிரும் எண்டு சொல்றார்" என்றாள்.

கழற்றிப் பார்த்தோம். தண்டு உள்ளே இறங்கியிருந்தது ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் மட்டுமே. தண்டில் வெட்டியிருந்த எல்லைக் கோடு வெளியே தெரிந்தது. அந்தக் கோடு வெளியில் தெரியவே கூடாது. கோடு இல்லாத தண்டென்றால் குறைந்தது 2½ அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். மேலாக நின்றால் ஆப்பு போர்க் குழாயின் மரை வெட்டிய மெல்லிய பகுதியில் அழுத்தி, குழாயையே வெடிக்கச் செய்யலாம். அவளுக்குத் தேவைப்பட்டது நீளமான தண்டு. அதை வாங்கிப் போட்டபின் மகனும் தாயும் நிம்மதியாகப் போய் வருகிறார்கள்.

கடல் காற்றும் வெல்டிங்கும்

உப்புக் காற்றில் தண்டும் குழாயும் கறள் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உருக்குக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு இருந்தால் இன்னும் மோசம். வருடத்துக்கு ஒரு தடவை, மாரி தொடங்குமுன், தண்டைக் கழற்றித் துடைத்து கிறீஸ் பூசுங்கள். ஆணியை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் மரத்துண்டு வைத்துத் தட்டினால் ஆப்பு விடும். கம்பி பிரேக் என்றால் அதன் கம்பிகளையும் தளர்த்த வேண்டும். உயரம் மாறினால் பிரேக்கையும் சரிசெய்ய வேண்டும். திரும்பப் பூட்டும்போது அளவுக்கு மீறி முறுக்க வேண்டாம். குழாய் புடைத்துவிடும்.

வெடித்த தண்டை வெல்டிங் செய்து ஓடுவது மலிவாகத் தெரியும். சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிப்பு வரும். விழுந்து வளைந்ததை நிமிர்த்தி ஓடுவதும் வேண்டாம். புதிதாக மாற்றுங்கள். ஹாண்டிலின் ஒரு பக்கத்தில் மட்டும் கனமான பை தொங்கவிடுவதையும் தவிருங்கள். பாரம் பின் கரியரில் நடுவாக இருக்கட்டும்.

1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெருந்தொகையான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையே ஓடினார்கள். முன்னால் பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. இங்கும் பல தாய்மார் அப்படித்தான் பிள்ளையை ஏற்றிச் செல்கிறார்கள். அந்தப் பிள்ளை பிடித்திருப்பதும் இந்த ஹாண்டிலைத்தான்.

திருத்தும் கடையில் "ஒண்டுமில்ல" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே. "எல்லைக் கோடு எங்கே, காட்டுங்க காக்கா" என்று கேளுங்கள். தனியே போகக் கூச்சமென்றால் இரண்டு பேராகப் போங்கள். முழங்காலுக்குள் சில்லை வைத்துப் பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடமும் ஆகாது, காசும் தேவையில்லை. நாளைக் காலையில் சைக்கிளை வெளியே எடுக்குமுன் ஒரு தடவை செய்து பாருங்கள்.