உடம்பை ஏற்றுக்கொள்ள ஆடை களைய வேண்டுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

வயது வந்தவர்கள் விரும்பிக் கூடி, பாலியல் நோக்கமின்றி, ஆடையில்லாமல் பழகுவதை ‘நேச்சுரிசம்’ என்கிறார்கள். உடம்பைப் பற்றிய கூச்சம் இதனால் குறையும் என்ற பேச்சு ஈப்போ வரை வந்துவிட்டது. கூடவே சந்தேகங்களும் வந்திருக்கின்றன.

கூச்சம் குறைவதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் கியான் வெஸ்ட், 849 பிரிட்டிஷ்காரர்களிடம் நடத்திய ஆய்வை 2017இல் வெளியிட்டார். இப்படிப்பட்ட ஒன்றுகூடல்களில் அதிகம் கலந்துகொண்டவர்களுக்குத் தங்கள் உடம்பின் மீதும் வாழ்க்கையின் மீதும் நிறைவு அதிகமாக இருந்தது. கூச்சமில்லாதவர்கள்தானே அங்கே போவார்கள் என்று கேட்பது நியாயம். பின்னர் அவரே 51 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவை ஆடையோடும் மற்றதை ஆடையின்றியும் பழகவிட்டார். ஆடையின்றி இருந்தவர்களிடம், பிறர் தம் உடம்பை எடைபோடுவார்களோ என்ற பயம் குறைந்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் காரணம் விளங்குகிறது: கைப்பேசியில் திருத்திய உடம்புகளையே பார்த்துப் பழகிய கண், தொப்பையும் தழும்பும் தொய்வும் உள்ள நிஜ உடம்புகளைப் பார்க்கிறது.

இது வெள்ளைக்காரர் பழக்கம்தானே?

உலகில் அறியப்பட்ட முதல் நேச்சுரிசச் சங்கம் 1891இல் பம்பாய் அருகே தாணேயில் தொடங்கியது. ஆனாலும் அதைத் தொடங்கியவர் சார்ல்ஸ் கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேய நீதிபதிதான். உறுப்பினர்கள் மொத்தம் மூவர். அதே நூற்றாண்டில் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக அடிபட்டுப் போராடினார்கள். 1859இல்தான் அரசாணை வந்தது. ஆடை நம்மவர் போராடிப் பெற்றது. அதைக் களையச் சொல்லி யாரையும் வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

பேராக்கில் செய்யலாமா?

பொது இடத்தில் கூடாது. குற்றவியல் சட்டத்தின் 294ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறை விதிக்கிறது. கினபாலு மலையில் ஆடை களைந்த நான்கு வெளிநாட்டவருக்கு 2015இல் மூன்று நாள் சிறையும் 5,000 ரிங்கிட் அபராதமும் கிடைத்தன.

அப்படியானால் இதனால் நமக்கு என்ன?

பயன் தருவது நிர்வாணம் மட்டுமல்ல என்பது என் கருத்து. சாதாரண உடம்புகளைக் கேலியின்றிப் பார்ப்பதும், அப்படிப் பார்க்கப்படுவதுமே கூச்சத்தைக் கரைக்கின்றன. ரப்பர் தோட்டத்துப் பைப்படியில் பெண்கள் கைலியை மார்புக்கு மேல் முடிந்து குளித்தார்கள். குளியலறை இல்லாத கொடுமைதான் அது. அதைப் புகழ மாட்டேன். ஆனாலும் பிள்ளை பெற்ற வயிறும் பால்வெட்டில் காய்த்த கையும் எப்படியிருக்கும் என்று பார்த்தே அங்கே பெண் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அடுக்குமாடி வீட்டுக் கண்ணாடி முன் தனியாக நிற்கும் பெண்ணுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நடிகைகள்தான் இருக்கிறார்கள். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் பாருங்கள்: மேலாடையின்றிக் காவடி சுமக்கும் ஆண்களின் தொப்பையை யாரும் கேலி செய்வதில்லை. அதே ஆட்கள் கல்யாண வீட்டில் ஒரு பெண்ணை “என்னம்மா, இப்படிப் பெருத்துட்ட, கறுத்துட்ட” என்கிறார்கள். இந்தப் பேச்சை நிறுத்த எந்தச் சட்டமும் தடையில்லை. சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்கு, உங்களுக்கு வசதியான நீச்சல் உடையில், தோழிகளோடு போகலாம். அங்கே எல்லா வயது உடம்புகளும் இருக்கும்.

உடம்பை ஏற்றால் எடையைக் கவனிக்க மாட்டோமே?

மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்று 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. எடையைக் குறைப்பது அவசியமாக இருக்கலாம். அதற்கு அவமானம் மருந்தல்ல. உடம்பைப் பார்க்கவே வெட்கப்படுகிறவர் மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும் சொல்லாமல் மறைக்கக்கூடும். அரசாங்கக் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனைக்குப் போகும்போது பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள். இல்லையென்றால் தாதி ஒருவர் உடன் இருக்கச் சொல்லுங்கள்.