சர்க்காருக்குச் சரக்கு விற்க விரும்பும் சிறுதொழிலாளர் அறிய வேண்டியவை

தென்னந்தோப்பு உடைய குடியானவர் பலர் இந்நாளில் தேங்காயையும் மட்டையையும் அப்படியே விற்றுவிடாமல், கொப்பரை ஆட்டும் செக்கோ, நார் பிரிக்கும் யந்திரமோ வைத்துத் தாமே சரக்காக்கி விற்கத் தலைப்பட்டிருக்கின்றனர். பொள்ளாச்சிப் பக்கத்தில் இது சர்வ சாதாரணம். ஆனால் அச்சரக்கை உள்ளூர் வியாபாரியிடம் கொடுத்து, அவர் சொல்லும் விலையைப் பெற்றுக்கொள்வதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. ரயில்வே, ராணுவம், பொதுத்துறைக் கம்பெனிகள் முதலிய மத்திய சர்க்கார் ஸ்தாபனங்களும் ஏராளமாகச் சரக்கு வாங்குகின்றன என்பதும், அக்கொள்முதலில் ஒரு பங்கு சிறிய அளவில் தொழில் நடத்துவோருக்கென்றே விதிக்கப்பட்டிருக்கிறது என்பதும் நம்மவரில் அநேகருக்குத் தெரியாது. தெரிந்தவரிலும் சிலர் தகுதி இன்னதென்று சரிவர விசாரியாமல், கைக்கெட்டியதை இழந்துவிடுகின்றனர்.

இவ்விஷயமாக மத்திய சர்க்கார் 2012-ம் வருஷத்தில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி, இலாகாக்களும் பொதுத்துறைக் கம்பெனிகளும் தமது வருஷாந்தரக் கொள்முதலில் ஒரு பகுதியைக் குறுந்தொழில், சிறுதொழில் நடத்துவோரிடமிருந்து வாங்க வேண்டும். முதலில் நூற்றுக்கு 20 என்றிருந்த அளவு 2019 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 25 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குள் 4 பங்கு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கும், 3 பங்கு பெண்கள் நடத்தும் தொழில்களுக்கும் உரியது. இவையன்றி, 358 வகைச் சரக்குகளைச் சிறியோரிடம் மட்டுமே வாங்க வேண்டுமென்றும் ஒரு ஜாபிதா உண்டு. கையால் இயக்கும் விவசாயக் கருவிகளும், தேங்காய் நாரும், நார்க்கயிறும் அதில் அடங்கியிருப்பது நமக்கு முக்கியமானது.

சிறியவர் என்பது எவ்வளவு? 2025 ஏப்ரல் 1 முதல் அமுலிலுள்ள அளவின்படி, யந்திர சாதனங்களில் போட்ட முதல் இரண்டரைக் கோடி ரூபாய்க்கும், வருஷ விற்பனை 10 கோடிக்கும் மேற்படாதது குறுந்தொழில். முதல் 25 கோடிக்கும் விற்பனை 100 கோடிக்கும் மேற்படாதது சிறுதொழில். இவ்விரண்டில் ஏதேனும் ஒன்று எல்லை கடந்தாலும் தொழில் அடுத்த வகுப்புக்குப் போய்விடும். நடுத்தரத் தொழில் என்று மூன்றாவது வகுப்பு ஒன்று உண்டாயினும், கொள்முதல் சலுகை அதற்குக் கிடையாது. யந்திரத்தின் மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளாமல், வருமானவரிக் கணக்கில் தேய்மானம் கழித்து நிற்கும் தொகையாகவே கொள்ளுகின்றனர். நிலமும் கட்டிடமும் இதில் சேரா. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த சரக்கின் கிரயமும் விற்பனைத் தொகையிலிருந்து கழிக்கப்படும். ஆனால் ஒரே பான் எண்ணின் கீழ் இரண்டு ஊர்களில் இரண்டு ஆலைகள் இருந்தால் அவை ஒரே தொழிலாகவே கணக்கிடப்படும். நமது குடியானவரில் இந்த எல்லைகளை எட்டுபவர் மிகச் சிலரே. ஆகையால் அளவு பற்றிக் கவலை வேண்டுவதில்லை.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பயிரிடுதல் மட்டுமே செய்பவர் இச்சட்டத்தின் கண்ணில் தொழில் நடத்துபவர் அல்லர். தோப்புக்காரர் என்ற முறையில் தேங்காய் விற்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. அதே தேங்காயை எண்ணெயாக்கி விற்பவருக்கு உண்டு. அவ்வாறே, பிறர் ஆட்டிய எண்ணெயை வாங்கி விற்கும் வியாபாரிக்கும் கிடையாது. 2021 ஜூலை முதல் வியாபாரிகளும் பதிவு செய்துகொள்ளலாமென்று அனுமதிக்கப்பட்டது மெய்யே. ஆனால் அது பாங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மாத்திரம். பதிவுப் பத்திரம் கையிலிருக்கிறதென்று எண்ணி டெண்டர் போட்ட வியாபாரி, ஈட்டுப்பணம் கட்டவில்லையென்ற காரணத்தால் தள்ளப்படக்கூடும். செக்கும் வைத்து, வெளியில் வாங்கியும் விற்பவர், தாம் உற்பத்தி செய்யும் சரக்கு பத்திரத்தில் உற்பத்தியாகவே காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

பதிவுக்கு உத்யம் என்று பெயர். 2020 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கிறது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும். காசு ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. இதற்கென்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தரகர்களுக்குக் கொடுப்பது வீண் செலவு. பதிவான பின்பு, 2016-ல் ஏற்பட்ட ஜெம் என்னும் சர்க்கார் இணையச் சந்தையில் விற்பனையாளராகச் சேர வேண்டும். உணவுச் சரக்காயின் உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும்.

இனி விலை விஷயம். டெண்டர் பாரத்துக்குக் கிரயமும், முன்னீடாகக் கட்டும் பணமும் சிறியோருக்கு வேண்டா. எனினும் ஆர்டர் கிடைத்தபின் கட்ட வேண்டிய ஜாமீன் தொகைக்கு இந்த உத்தரவு விலக்களிக்கவில்லை. பெரிய கம்பெனி ஒன்று யாவரிலும் குறைந்த விலை கூறியிருக்க, நமது விலை அதற்குமேல் நூற்றுக்கு 15-க்குள் இருந்தால், அதே குறைந்த விலைக்கு இறங்கி வருகிறீர்களா என்று நம்மைக் கேட்பர். இறங்கினால் மொத்தத்தில் கால் பங்கு நமக்கு. பிரிக்க இயலாத சரக்காயின் முழுவதுமே கிடைக்கலாம்.

கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு ஓர் உதாரணம் கூறுவோம். 1,000 லிட்டர் எண்ணெய்க்கு டெண்டர். கம்பெனியின் விலை லிட்டர் 300 ரூபாய். நமது விலை 330. எல்லை 345 ஆதலால் நாம் அழைக்கப்படுவோம். 300-க்குச் சம்மதித்தால் 250 லிட்டர் நம்முடையது. நமக்கு அடக்கவிலை 290 ஆயின் 2,500 ரூபாய் மிச்சம். 306 ஆயின் 1,500 ரூபாய் நஷ்டம். சர்க்கார் ஆர்டர் என்ற பெருமைக்காக நஷ்டத்தில் சம்மதிப்பவரும் உளர், அது புத்திசாலித்தனமன்று. கொப்பரை, கூலி, மின்சாரம், டப்பா, வண்டிச்சத்தம் யாவும் கூட்டி, எந்த விலைக்குக் கீழ் இறங்குவதில்லை என்பதை டெண்டர் போடுமுன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லைக்குள் வந்த சிறியோர் பலராயின் அந்தக் கால் பங்கு அவர்களுக்குள் பகிரப்படும் என்பதையும் மறக்கலாகாது.

மேற்கூறியவை மத்திய சர்க்காரைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டு சர்க்கார் இலாகாக்களின் டெண்டருக்கு 1998-ம் வருஷத்து மாநிலச் சட்டம் தனியே உண்டு. அவற்றுக்கு விற்பவர் அதன் விதிகளை விசாரித்துக்கொள்க.

சரக்குக் கொடுத்தபின் பணம் வராமல் அலைவதே பலர் சர்க்கார் பக்கம் போகாததற்குக் காரணம். 2006-ம் வருஷத்துச் சட்டப்படி, எந்த ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 45 தினங்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். 15 தினங்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் வராவிடில் சரக்கு ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். தவறினால் ரிசர்வ் பாங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். இதற்குச் சரக்குக் கொடுக்குமுன்பே பதிவு செய்திருப்பது உத்தமம். மேலும், இறக்கிய இடத்தில் தேதியும் முத்திரையுமிட்ட ரசீது வாங்கியே வண்டியைத் திருப்ப வேண்டும். 45 தினங்கள் கழிந்தும் பணம் வராவிடில் அந்த ரசீதையும் பில்லையும் வைத்து வசதியாக்கக் குழுவுக்கு மனுச் செய்துகொள்ளலாம். சென்னை, கோயமுத்தூர், மதுரை, திருச்சி ஆகிய பிராந்தியங்களுக்கு அக்குழுக்கள் தனித்தனியே உள்ளன.