அவசரக் கருத்தடைச் சேவையில் மருந்தாளுநரின் பங்கு: மதுரை வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

கருத்தடை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவமனையை மையமாகக் கொண்டே அமைகின்றன. ஆனால், உடலுறவுக்குப் பின் விரைந்து உட்கொள்ளவேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரைக்கு மருந்துக்கடையே எளிதில் அணுகத்தக்க இடமாகும். மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் முன்வைத்து, இதில் மருந்தாளுநர் ஆற்றத்தக்க பங்கினை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டமும் நடைமுறையும்

லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசரக் கருத்தடை மாத்திரை 2005 முதல் இந்தியாவில் மருத்துவரின் சீட்டின்றியே விற்கப்படலாம். எனினும், தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகள் இதனை இருப்பில் வைப்பதில்லை என்பது பல்லாண்டுகளாகச் செய்திகளில் பதிவாகிவருகிறது. சட்டம் திறந்துவிட்ட வழியை நடைமுறை அடைத்துவிடுகிறது.

இந்நிலைக்குத் துணைசெய்வது ஒரு மயக்கம். அவசரக் கருத்தடை மாத்திரையையும் கருக்கலைப்பு மாத்திரையையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். முன்னது கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே நிலைத்த கருவைக் கலைப்பதில்லை. பின்னது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்னும் மருந்துகளின் கூட்டு. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்திற்கு உட்பட்டு, மருத்துவரின் சீட்டின்பேரில் மட்டுமே வழங்கத்தக்கது. இவ்வேறுபாட்டை விளக்கும் தகுதி மருந்தாளுநருக்கு உண்டு.

காலமும் தொலைவும்

1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்திற்குள் உட்கொள்ளவேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு பயன். எனவே ஒரு கடையில் 'இல்லை' என்னும் விடை, வெறும் அலைச்சலாக முடிவதில்லை. மருந்தின் ஆற்றலையே குறைக்கிறது. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால், அங்குக் கேட்கத் தயங்கும் பெண் மதுரைக்குப் பேருந்து ஏறவேண்டியிருக்கும். அரசின் குடும்பநலத் திட்டத்தில் இம்மாத்திரையை விலையின்றி வழங்கும் ஏற்பாடு உண்டு. ஆயினும் இரவிலும் விடுமுறை நாளிலும் திறந்திருப்பது பெரும்பாலும் மருந்துக்கடையே.

மருந்தாளுநரின் கடமைகள்

2015ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு மருந்து குறித்து அறிவுரை கூறுவதை மருந்தாளுநரின் பணியாக ஏற்கின்றன. இதன்படி அவர் கேட்கவும் கூறவும் வேண்டியன சில:

1. உடலுறவு நிகழ்ந்து எவ்வளவு நேரமாயிற்று என்பது.
2. பெண் வேறு மருந்து உட்கொள்கிறாரா என்பது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் ஆகியன இதன் விளைவைக் குறைக்கக்கூடும்.
3. இரண்டு மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் உட்கொள்ளவேண்டும் என்பது.
4. மாதவிலக்கு ஒரு வாரத்திற்கு மேல் தள்ளிப்போனால் கருவுறுதல் சோதனை தேவை என்பது.
5. இம்மாத்திரை பால்வினை நோய்களைத் தடுக்காது. அதற்கு ஆணுறையே துணை என்பது.

காலம் கடந்து வருபவரைத் திருப்பி அனுப்பிவிடாமல், ஐந்து நாள்களுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்ள இயலும் எனக் கூறி அரசு மருத்துவமனைக்கு ஆற்றுப்படுத்துவதும் அவர்தம் பணியே. மணமானவரா, உடன் வந்தவர் யார் என்னும் வினாக்களுக்கு இதில் இடமில்லை. பிறர் காதில் விழாதவாறு பேசுவது மருந்தின் அளவைச் சொல்வதற்கு நிகரான கடமையாகும்.

முடிவுரை

மாத்திரை கிடைக்காமையால் தேவை மறைந்துவிடுவதில்லை; அது விரும்பாத கருவாகவும் பின்னர்க் கருக்கலைப்பாகவும் உருமாறக்கூடும். ஆகவே, கருக்கலைப்பை அஞ்சி அவசரக் கருத்தடையை விலக்கும் கடை, தான் அஞ்சியதற்கே வழிகோலுகிறது. மாத்திரையை இருப்பில் வைப்பதும் தீர்ப்புக் கூறாது விளக்குவதுமே மருந்தாளுநரிடம் எதிர்பார்க்கப்படுவன. இவ்விரண்டிற்கும் புதிய சட்டம் தேவையில்லை.