கப்பலேறப் போகிறீர்களா? டிக்கெட் மட்டும் போதாது!

சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் சேர்வராயன் மலைக்குக் காபிப் பயிரைக் கொண்டுவந்து சுமார் 200 ஆண்டுகள் ஆகின்றன. இந்தியக் காபி வெளிநாட்டுக்குக் கப்பலேற வேண்டுமானால், அது எந்த நாட்டில் விளைந்தது என்பதற்குச் சான்றிதழ் வேண்டும்; காபி போர்டின் அனுமதியும் வேண்டும். காபி மூட்டைக்கே இத்தனை காகிதம் என்றால், மனிதனுக்குக் கேட்பானேன்?

வாழவந்தி போன்ற மலைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கப்பல் பிரயாணம் புதிது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் வரவேண்டும். அங்கிருந்து சென்னைத் துறைமுகம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். குழந்தை குட்டிகளுடன், மூட்டை முடிச்சுகளுடன் அவ்வளவு தூரம் போன பிறகு, "ஒரு காகிதம் குறைகிறது" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டால் என்ன செய்வது? அப்படித் திரும்புகிறவருக்குக் கப்பல் கம்பெனிகள் பொதுவாகப் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கடலில் கரைத்த பெருங்காயம்தான்!

ஒரே கப்பல், இரண்டு சட்டம்

2022-ஆம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி சென்னையில் 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பலை முதல்-அமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அது விசாகப்பட்டினம் போய்த் திரும்பியது. அப்படி உள்நாட்டுக்குள் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் தேவை இல்லை. புகைப்படத்துடன் கூடிய அரசாங்க அடையாளச் சீட்டு போதும். ஆனால் அசல் வேண்டும்; நகல் உதவாது.

மறு ஆண்டு ஜூன் மாதம் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களைத் தொட்டது. கப்பல் ஒன்றுதான். திசை மாறியதும் சட்டமும் மாறிவிட்டது! இந்தப் பிரயாணத்துக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு படிகூட ஏற முடியாது.

ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக் கொழும்பு வரை போனார்கள். 'போட் மெயில்' ரெயிலில் தனுஷ்கோடி போய், கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மறுபடி ரெயில் ஏறினார்கள். 1948-இல் இலங்கை தனிக் குடிவரவுச் சட்டம் இயற்றியது. 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது.

பல ஆண்டுகளுக்குப் பின், 2023 அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பிரயாணிகள் கப்பல் விடப்பட்டது. சில மணி நேரப் பிரயாணம்தான். அதற்கும் பாஸ்போர்ட் வேண்டும்.

தலைப்பெழுத்துச் சங்கடம்

பாஸ்போர்ட் வாங்க மலைவாசிகள் கோயம்புத்தூர் வரை போகவேண்டியது இல்லை. சேலத்திலேயே அஞ்சலகச் சேவை மையம் இருக்கிறது. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். உள்ளூர் போலீஸ் விசாரணையும் உண்டு.

நம்மவர்களுக்குச் சங்கடம் தருவது பெயர்தான். ஊரில் நமக்குத் தலைப்பெழுத்து ஒன்று போதும். பாஸ்போர்ட்டில் அந்த ஒற்றை எழுத்து தகப்பனாரின் முழுப் பெயராக விரிகிறது. டிக்கெட்டில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், இருவரும் ஒருவர்தானா என்ற கேள்வி எழும். ஆகவே, டிக்கெட் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதவேண்டும்.

பள்ளிக்கூடம் போகாதவர்கள்

சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களான மலையாளிகளில், பள்ளிக்கூடம் போகாத முதியவர்கள் உண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று அவர்கள் கலங்க வேண்டாம். வாக்காளர் அட்டை முதலியவற்றையும் பிறந்த தேதிக்கு அத்தாட்சியாக ஏற்கிறார்கள். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே தேதி இருக்கவேண்டும். தேதி மாறி இருந்தால் முதலில் அதைத் திருத்திக்கொள்வது நல்லது.

2023 அக்டோபர் 1-ந் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்கோ பிறப்புச் சான்றிதழ் கட்டாயம்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனைக் குறிப்பு இருக்கலாம். அது குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான ஏற்பாடு. உல்லாசப் பிரயாணத்துக்குத் தடை அல்ல.

எது முதலில்?

விளம்பரத்தைப் பார்த்ததும் டிக்கெட் வாங்கிவிட்டு, அப்புறம் பாஸ்போர்ட்டுக்கு அலைகிறவர்களே அவதிப்படுகிறார்கள். முதலில் பாஸ்போர்ட், டிக்கெட் அதற்குப் பிறகுதான். பாஸ்போர்ட் கையில் இருந்தாலும் கடைசித் தேதியைப் பாருங்கள். இலங்கைக்குப் போய்ச் சேரும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது அது செல்லவேண்டும். குழந்தைகளுடைய பாஸ்போர்ட் ஐந்து ஆண்டில் காலாவதியாகிவிடும். பெரியவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். இலங்கையின் பிரயாண அனுமதிக்கும் முன்கூட்டியே விண்ணப்பம் செய்துகொள்ளலாம்.

புறப்படும் நாளில் கவனிக்கவேண்டியது இன்னொன்று. துறைமுகத்தில் பெட்டிகளைச் சிப்பந்திகள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவை பிறகுதான் அறைக்கு வந்து சேரும். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பெட்டியில் பூட்டிவைத்தவர் வாசலில் வெறுங்கையுடன் நிற்கவேண்டியதுதான். காகிதங்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்!