டிராக் டயர், ரோட்டில் என்ன செய்யும்?

2020 ஜனவரியில் டிவிஎஸ் நிறுவனம் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக்கைப் பிஎஸ்-6 விதிகளுக்கேற்பப் புதுப்பித்து இறக்கியது. புது டிஸ்ப்ளே வந்தது, ரைடிங் மோடுகள் வந்தன, கூடவே டயரும் மாறியது. மோடுகளில் ஒன்றுக்கு ‘டிராக்’ என்று பெயர். டயரோ மிஷலின் ‘ரோட் 5’. நெடுந்தூரப் பயணத்தையும் ஈரச் சாலையையும் மனதில் வைத்துச் செய்யப்பட்ட ஸ்போர்ட் டூரிங் டயர் அது. பந்தயத்தில் பல வருடம் ஊறிய ஓசூர் கம்பெனி, தன் ஃபேரிங் பைக்குக்குத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

அதே பைக்கை வாங்கும் இளைஞர்களில் பலர் டயர் கடையில் கேட்பது வேறு. “அண்ணே, செமி-ஸ்லிக் இருக்கா?”

பந்தயத்தில் ஓடும் சுத்தமான ஸ்லிக்கில் பட்டனே இருக்காது. பக்கவாட்டில் ‘என்.எச்.எஸ்’ என்று பொறித்திருப்பார்கள். நெடுஞ்சாலைக்கு உதவாது என்று பொருள். செமி-ஸ்லிக் சாலைக்கு அனுமதிக்கப்பட்ட டயர்தான். நடுவில் நாலைந்து வெட்டு இருக்கும், ஓரம் மழமழவென்றிருக்கும். பைக்கைச் சாய்க்கும்போது அந்த ஓரம் முழுக்கத் தரையில் படியவேண்டும் என்பதற்காக அப்படி. பைரெல்லியின் டியாப்லோ சூப்பர்கோர்ஸா வகையில் எஸ்சி பந்தயத்துக்கு, எஸ்பி சாலைக்கு. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பிபோல இருக்கும். ரப்பர் கலவை வேறு.

விஷயமே அந்தக் கலவையில்தான் இருக்கிறது. ரப்பர் இளகி, தார்ச்சாலையின் பொடிக்கற்களுக்கு இடையே பிதுங்கி உட்காரும்போதுதான் கிரிப் கிடைக்கும். எந்தச் சூட்டில் இளகும் என்பது கலவைக்குக் கலவை மாறும். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்துகிடக்கும் தேங்காய் எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நல்ல எண்ணெய்தான், ஆனால் தலைக்குத் தேய்க்க வராது. பந்தய டயர்கள் 80, 90 டிகிரியில் உயிர்பெறுபவை. அதனால்தான் டிராக்கில் கிளம்புவதற்கு முன்பே மின்சாரப் போர்வை சுற்றிச் சூடேற்றுகிறார்கள். பிறகு கடும் பிரேக்கும் ஆழமான சாய்வும் அந்தச் சூட்டை ஆறவிடாமல் காக்கும். ஒவ்வொரு தடவையும் டயரின் உடல் நசுங்கி விரிகிறது, அந்த அசைவே வெப்பமாகிறது.

சாலையில் அப்படியெல்லாம் ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. சிக்னல், ஸ்பீடு பிரேக்கர், டோல்கேட், டீக்கடை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் டயர் ஆறிவிடும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு டயர் தானாவே சூடாகாதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சித்திரை மதியத்தில் சென்னைத் தார்ச்சாலை கொதிக்கத்தான் செய்யும். ஐரோப்பியக் குளிரில் தடுமாறும் செமி-ஸ்லிக் இங்கே ஓரளவு சமாளித்துவிடும், உண்மைதான். ஆனால் பைக் கூட்டம் ஈசிஆருக்குக் கிளம்புவது ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதும் பனி விலகாத நேரத்தில். சூடு வேண்டிய டயரை மாட்டிக்கொண்டு, சூடே இல்லாத வேளையாகப் பார்த்துப் போகிறோம். ரோட் 5 மாதிரியான டயர்கள் முதல் வளைவிலேயே பிடிக்கும். உச்சகட்டப் பிடியில் அவை டிராக் டயருக்குப் பின்னால்தான். அந்த உச்சத்தைச் சாலையில் தொடுபவர் எவரும் இல்லை. தொட்டுவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு.

மழை வந்தால் கதை இன்னும் மோசம். தண்ணீரை வெளியே தள்ள வெட்டுகள் போதாது, அதே தண்ணீர் டயரைக் குளிர்வித்து ரப்பரை விறைக்கவும் வைக்கும். ஃபார்முலா 1 மழை டயர் ஒன்று, 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை இறைக்கும் என்கிறது பைரெல்லி. அந்த ஓட்டுநர்களே தூறல் வலுத்தால் ஸ்லிக்கைக் கழற்ற பிட்டுக்கு ஓடுகிறார்கள். மோட்டோஜிபியில் மழை டயர் போட்ட இன்னொரு பைக்கே தயாராக நிற்கும். ஈசிஆரில் பிட் கிடையாது. ஐப்பசியில் மகாபலிபுரம் போய்த் திரும்புவதற்குள் வானம் எப்படி மாறும் என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முதல் மழையில் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் சேர்ந்து சாலையே வழுக்கும். டூரிங் டயர்களில் சிலிக்கா கலந்த ரப்பரும் மெல்லிய கீறல்களும் இருப்பது இதற்காகத்தான். ரோட் 5-ல் அந்தக் கீறல்கள் உள்ளே போகப் போக அகலமாகும். டயர் பாதி தேய்ந்த பிறகும் தண்ணீருக்கு வழி இருக்கும்.

செலவுக் கணக்கு வேறு ஒரு வேடிக்கை. செமி-ஸ்லிக்குக்குக் கூடுதல் காசு கொடுப்பது அதன் ஓரங்களுக்காக. அதே டயரில் வாரம் முழுக்க ஓஎம்ஆரில் நேர்கோட்டில் அலுவலகம் போய்வந்தால், தேய்வது நடுப்பகுதி. சில ஆயிரம் கிலோமீட்டரில் நடு தட்டையாகிவிடும். காசு கொடுத்த ஓரம் புதுசாகவே இருக்கும். சாய்க்கப் பயந்தவனின் அடையாளம் என்ற பொருளில் நண்பர்கள் அதைச் ‘சிக்கன் ஸ்ட்ரிப்’ என்று கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டலுக்குப் பயந்து சர்வீஸ் ரோட்டில் பைக்கைச் சாய்ப்பவர்களைப் பார்த்தால் டயர்க் கடைக்காரருக்கே பாவமாக இருக்கும்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ டிராக் டே போகிறவர்கள் செமி-ஸ்லிக்கைத் தாராளமாக வாங்கலாம். அடிக்கடி போவதானால், தனி வீல் செட்டில் மாட்டி வைத்துக்கொள்வது நல்லது. வருடத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் என்றால் நல்ல ஸ்போர்ட் டயரே போதும். முதல்முறை டிராக்கில் இறங்குபவருடைய திறமை தீர்ந்த பிறகும் டயரின் பிடி மிச்சம் இருக்கும். மிச்சப் பணத்தை ரைடிங் பயிற்சியில் போடுங்கள் என்பேன். டிராக்கில் காற்றைக் குறைத்து ஓட்டுவதைப் பார்த்துச் சாலையிலும் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பள்ளத்தில் இறங்கினால் அலாய் ரிம் வளைந்துவிடும்; ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் அளவையே வையுங்கள்.

பழைய டயர் தேய்ந்து மொட்டையானால் ஸ்லிக் ஆகிவிடும் என்று விளையாட்டாகச் சொல்வார்கள். ஆகாது. அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். இரு சக்கர வாகனத்துக்குப் பட்டன் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

டிராக் டயர் வாங்குவதென்றே முடிவு செய்தவர்கள் கடையில் ஒன்றைக் கவனியுங்கள். இவை மெதுவாக விற்கும் சரக்கு, அலமாரியில் நாளாகக் கிடந்திருக்கலாம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பழசாக இருந்தால், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் வேண்டாம். எந்த டயரானாலும் மாட்டியதும் முதல் நூறு கிலோமீட்டருக்கு மெதுவாகச் சாயுங்கள். மேல்தோலின் வழுவழுப்பு போகவேண்டும்.